ஆயிரம் அடி போரும் யோகேஸ்வரியின் கூடையும்

பல்லடம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மோட்டார் நின்றுவிட்டது. பம்பு கம்பெனி ஆட்கள் கணினியைத் திறந்து, அந்தத் தோட்டத்து போர்க்கிணறு நூறு அடி ஆழம் என்று பார்த்துக்கொண்டு, அதற்கு வேண்டிய சாமானோடு போய் இறங்கினார்கள். தோட்டக்காரர் அவர்களை ஏற இறங்கப் பார்த்திருக்கிறார். "நூறடில தண்ணி கெடச்சா நா எதுக்குங்க உங்ககிட்ட இத்தாம்பெரிய மோட்டாரு வாங்கறேன்? வாளியுட்டு எறச்சுக்க மாட்டனா?" என்று கேட்டாராம். உண்மையில் போர் ஆயிரம் அடி. மோட்டார் வாங்கிய அன்று அவர் நிரப்பிக் கொடுத்த அட்டையிலும் ஆயிரம் என்றுதான் இருந்தது. கணினியில் மட்டும் ஒரு பூஜ்யத்தைக் காணவில்லை. அதைத் தேடிக்கொண்டுதான் நான் இலங்கையில் இருக்கும் பதுளைக்குப் போனேன்.

பழைய காகிதங்களைக் கணினியில் ஏற்றிக் கொடுப்பது என் தொழில். கோயம்புத்தூரில் நானும் துரைசாமியும் கூட்டாக நடத்துகிறோம். பம்பு கம்பெனி முப்பது வருட வாரண்டி அட்டைகளை எங்களிடம் மூட்டை மூட்டையாகத் தந்திருந்தது. எல்லாம் விவசாயிகளின் கையெழுத்து. எங்கள் ஊரில் வேலைக்கு வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் தமிழ்க் கையெழுத்தைக் கண்டால் முழிக்கிறார்கள். முழிக்காதவர்கள் மூன்றே மாதத்தில் பெங்களூருக்குப் பறந்துவிடுகிறார்கள். அதனால் அட்டைகளைப் படம் பிடித்து, மூன்று வருடமாகப் பதுளையில் பன்னிரண்டு பெண்களிடம் அனுப்பி வருகிறோம். எல்லாரும் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். அதுவரை அவர்களை நான் கணினித் திரையில் மட்டுமே பார்த்திருந்தேன்.

ஒவ்வோர் அட்டையையும் இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும் என்பது எங்கள் முறை. முதல் பக்கம், மறுபக்கம் என்று நாங்கள் சொல்லும் அந்த இரண்டு பதிவுகளையும் கணினி ஒப்பிடும். வித்தியாசம் இருந்தால் மூன்றாவது ஆள் பார்த்துத் தீர்ப்பார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்வது அபூர்வம். ஆனால் பல்லடத்து அட்டையில் இரண்டு பக்கமும் நூறு. தேடிப் பார்த்தால் அதுபோல இன்னும் முப்பதுக்கு மேல் கிடைத்தன. ஒரே கை இரண்டு பக்கமும் அடித்தாலொழிய இப்படி ஆகாது.

"ஏமாத்தறாங்கன்னா வேலைய அப்படியே புடுங்கி வேற ஊருக்குக் குடுத்தர்லாங்க. திங்கக்கெழமை மத்தியானத்துக்குள்ள சரியான கணக்கு கம்பெனிக்குப் போயாகோணும்," என்றார் துரைசாமி. பன்னிரண்டு பேரின் பிழைப்பைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கடுகடுத்த முகத்தோடு வியாழக்கிழமை பதுளையில் இறங்கினேன். குளிர் என்று யாரும் சொல்லவில்லை. சால்வை வாங்கப் போன கடையில் எனக்குப் பொருத்தமாக இருந்தது ஒரு குழந்தைப் போர்வைதான். அதில் வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. போர்த்திக்கொண்டேன்.

எங்கள் மையம் கடைத்தெருவில் நஸீர் ஹாஜியாரின் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படிக்கட்டு கடைக்குள்ளேயே. ஆணி மூட்டைகளைத் தாண்டித்தான் ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை காலை நான் வாத்துப் போர்வையோடு உள்ளே நுழைந்ததும் ஹாஜியார் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "இரிங்க மிஸ். ஒரு பிளேன் டீ குடிச்சிட்டு ஏறுங்க. கோவமா ஏறினா படியில வழுக்கும்," என்றார். என் கோபம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. பால் இல்லாத தேநீரை நான் காய்ச்சல் வந்தால் தவிரக் குடித்ததில்லை. அந்தத் தேநீர் வேறு. இவ்வளவு வருடம் பாலை ஊற்றி எதை மறைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன்.

மேலே பன்னிரண்டு பேரும் எழுந்து நின்று, "வணக்கம் மிஸ்," என்றார்கள். மேற்பார்வை பார்க்கும் புஷ்பராணிக்கு முப்பது வயதிருக்கும். காலையில் வேலை பிரித்துக் கொடுப்பதை அவர்கள் 'பெரட்டு' என்றே சொன்னார்கள். தோட்டத்தில் காலை ஆறரைக்கு ஆட்களைக் கூப்பிட்டு எந்த மலையில் கொழுந்து எடுக்க வேண்டும் என்று சொல்வதற்கு அதுதான் பெயராம். இங்கே கங்காணி இல்லை, புஷ்பராணி இருக்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

காலை முழுவதும் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நிரோஷா என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் விரல்கள் ஓடுவதைக் கண்ணால் தொடர முடியவில்லை. ஓர் ஓரத்தில் யோகேஸ்வரி. நாற்பதை நெருங்குகிறவர். பதினைந்து வருடம் கொழுந்து எடுத்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். இரண்டே விரலால், ஒவ்வோர் எழுத்தையும் தேடிக் கண்டுபிடித்து, அது ஓடிவிடுமோ என்பது போல அழுத்தினார். ஒரு நாளைக்கு ஆளுக்கு முந்நூறு அட்டை என்பது கணக்கு. அந்த வேகத்தில் இருநூறு தாண்டினால் அதிகம். ஆனால் என் பட்டியலில் அவருக்குத் தினமும் முந்நூறு. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை.

பன்னிரண்டேகாலுக்குக் கீழே ஷட்டர் கடகடவென்று இறங்கிய சத்தம் கேட்டது. ஜும்ஆ தொழுகைக்காக ஹாஜியார் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். ஒன்றரைக்குத்தான் திறப்பாராம். அதுவரை மேலே இருப்பவர்கள் மேலேதான்.

"தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று பதறினேன்.

"பின் ஜன்னல் வழியா கோழிக்கடை கூரைக்கு எறங்கிருவோம் மிஸ்," என்றாள் நிரோஷா. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

சாப்பாட்டுப் பெட்டிகள் திறந்தன. தேங்காய் ரொட்டி, வெங்காயமும் காய்ந்த மிளகாயும் இடித்த சம்பல், வெங்காயத்தாள் மாதிரியான வெலிமடை லீக்ஸ் போட்டு வதக்கிய உருளைக்கிழங்கு. என் தட்டில் ஆளாளுக்கு ஒரு துண்டு வைத்தார்கள். பன்னிரண்டு வீட்டுச் சாப்பாடும் என் முன்னால் வந்துவிட்டது. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு அதே வாயால் திட்ட ஆரம்பித்தேன். பட்டியலை விரித்து, இரண்டு பக்கமும் ஒரே தப்பு எப்படி வந்தது, யார் யாரைப் பார்த்து அடித்தீர்கள் என்று கேட்டேன். மூடிய கடைக்கு மேல் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

நிரோஷா எழுந்தாள். "யாரும் பாத்து அடிக்கல மிஸ். நாந்தான் அடிச்சேன். என் பேர்லயும் அடிச்சேன், யோகக்கா பேர்லயும் அடிச்சேன்."

யோகேஸ்வரி ரொட்டியைக் கையில் வைத்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

"எதற்கு?"

பதில் சொன்னது புஷ்பராணி. "தோட்டத்துல கொழுந்து நிறுக்கையில ஒருத்திக்கு கிலோ கொறஞ்சா அன்னைக்கு அவளுக்கு முழுப்பேர் விழாதுங்க மிஸ், அரப்பேர்தான், பாதிச் சம்பளம். அதனால பக்கத்து நெரையில எடுக்கிறவ ஒரு கை அள்ளி அவ கூடையில போட்டுருவா. எங்கம்மாவும் போட்டிருக்காங்க, எங்கம்மாவுக்கும் போட்டிருக்காங்க. இங்கயும் அப்படித்தான் மிஸ். மூணு நாள் முந்நூறுக்குக் கொறஞ்சா வேலைய விட்டு நிப்பாட்டிருவீங்கன்னு எழுதிப் போட்டிருக்கு. யோகக்கா சாயந்தரம் பஸ்ஸுக்கு எறங்கினதும், நிரோஷா அவங்க சீட்டுல ஒக்காந்து ஒரு நூறு அடிச்சுப் போடுவா."

அந்த மூன்று நாள் விதியை எழுதியது நான்தான். குளிர்பதன அறையில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டு எழுதினேன். அதை யாரிடமும் அப்போது சொல்லவில்லை.

"சரி, அந்த பூஜ்யம் எங்கே போயிற்று?"

நிரோஷாவுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "ஆயிரம் அடிக்கு யாருங்க மிஸ் கெணறு தோண்டுவாங்க? பாவம், பெரியவர் ஒரு சைபர் கூட போட்டுட்டாருன்னு நெனச்சு நானே திருத்திட்டேன். எங்க லயத்து வீடுகளுக்கு மலையிலேருந்து பீலியில தண்ணி தானா வந்து கொட்டுது."

வேறு யாராவது அதே அட்டையை மறுபக்கம் அடித்திருந்தால் கணினி பிடித்திருக்கும். இவளே இரண்டு பக்கமும் இருந்ததால் இவள் நம்பாத எதுவும் கணினியில் ஏறவில்லை. கைப்பேசியில் எங்கள் ஊரில் போர் போடுகிற காணொளி ஒன்றைக் காட்டினேன். குழாய்க்கு மேல் குழாயாக இறங்குகிறது. எண்ணூறு அடியில் வெறும் புழுதி. தொள்ளாயிரத்திலும் புழுதி. ஒருவர் குடை பிடித்துக்கொண்டு அந்தப் புழுதிக்குள் நின்று சாமி கும்பிடுகிறார். பன்னிரண்டு தலைகள் அந்தச் சின்னத் திரைக்கு மேல் குவிந்தன.

"அய்யோ பாவம் ஒங்க ஊரு," என்றது ஒரு குரல். திட்ட வந்த இடத்தில் என்னைப் பார்த்து இரக்கப்படுகிறார்கள்.

ஆனாலும் நான் வியாபாரி. ஷட்டர் திறந்ததும் துரைசாமியைக் கூப்பிட்டுப் பேசினேன். தப்புச் செய்தது நிரோஷா, ஆனால் அவ்வளவு வேகமான கையை இழக்க மனமில்லை. மெதுவானவரை நிறுத்திவிட்டால் கை அள்ளிப் போட வேண்டிய தேவையே இருக்காது, மற்ற பதினொரு பேருக்கும் வேலை நிலைக்கும். இதை யோகேஸ்வரியிடம் சொன்னேன். "சரிங்க மிஸ்," என்றார். சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவி, துணிப்பையில் போட்டுக்கொண்டு, மேசையை ஒரு தடவை துடைத்துவிட்டுப் படியிறங்கினார்.

சனிக்கிழமை காலை, நிரோஷா அடித்த அட்டைகளைப் பிரித்தெடுக்க உட்கார்ந்தோம். ஒவ்வோர் அட்டையும் அடிக்கப்பட்ட நேரம் கணினியில் இருக்கிறது. ஓட்டமும் நடையுமாகப் போனவை நிரோஷாவுடையவை, தவழ்ந்து போனவை யோகேஸ்வரியுடையவை. தவழ்ந்தவற்றில் ஆயிரம் அடி போர் உள்ள அட்டைகள் பதினேழு இருந்தன. பதினேழிலும் மூன்று பூஜ்யங்களும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. நான் புஷ்பராணியைப் பார்த்தேன். அவள், யோகேஸ்வரி இருக்கும் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு எந்த இடத்தில் பஸ் நிற்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே தவறான பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் பெயரைப் பார்க்கவில்லை. ஹாலி எல என்ற ஊரைத் தாண்டியபோது, பக்கத்திலிருந்த பெண்ணிடம் ஸ்பிரிங்வெளி எப்போது வரும் என்று கேட்டேன். "இது வெலிமடைக்குப் போறதுங்க," என்று அவர் பதறி, சிங்களத்தில் கண்டக்டரிடம் சொன்னார். கண்டக்டர் சிரித்தபடி ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. "இந்தியாவுல இருந்து வந்தவங்க வெலிமடைக்குப் போய் ரெண்டு கிலோ கேரட் வாங்கிட்டுத் திரும்பட்டும்னு சொல்றாரு," என்று மொழிபெயர்த்தார் அந்தப் பெண். ஆனால் கண்டக்டரே கையைக் காட்டி எதிரே வந்த பதுளை பஸ்ஸை மறித்து, என்னைக் கைமாற்றிவிட்டு, டிக்கெட் காசையும் திருப்பித் தந்தார். எங்கள் ஊர் டவுன் பஸ் கண்டக்டர்களை எனக்குத் தெரியும். அவர்களும் இறக்கிவிடுவார்கள், நடு ரோட்டில்.

ஸ்பிரிங்வெளியில் மலை முழுக்கத் தேயிலை, மடிப்பில் ஒட்டியொட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளாக நீளமாக ஒரு லயம். யோகேஸ்வரியின் வீடு அதில் நாலாவது அறை, அவர்கள் பேச்சில் காம்பரா. கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார், மகள் பத்தாம் வகுப்பு. என்னைக் கண்டதும் யோகேஸ்வரி கையிலிருந்த விறகைக் கீழே போட்டுவிட்டு, "நடந்தா வந்தீங்க மிஸ்? மொதல்ல கால் கழுவுங்க," என்று பீலிக்கு அழைத்துப் போனார்.

மலைப்பாறையிலிருந்து ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் இல்லை, சுவிட்ச் இல்லை, யாரும் அதைப் பார்த்துக்கொண்டுகூட நிற்கவில்லை. எலும்பு வரை சில்லிட்டது. கையில் அள்ளிக் குடித்தேன். நிரோஷா அந்த ஆயிரத்தை ஏன் நம்பவில்லை என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. இந்தத் தண்ணீரில் வளர்ந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

"நீங்கள் எப்படி ஆயிரத்தை நம்பினீர்கள்?" என்று கேட்டேன்.

"எனக்கென்னங்க தெரியும் மிஸ்? எழுதியிருந்துச்சு, அடிச்சேன். தராசு என்ன காட்டுதோ அதத்தானே எழுதணும்? எங்க கொழுந்த ஒரு கிலோ கொறச்சு எழுதினா நாங்க சும்மா விடுவோமா?" என்றவர், குழாயடியில் சேர்ந்திருந்த இலைகளைத் தள்ளிவிட்டார். "நான் திரும்ப மலைக்குப் போயிருவேன் மிஸ். எனக்குப் பழகின வேலதான். மகளுக்குத்தான் சொல்ல வாய் வரல. எங்கம்மா கம்ப்யூட்டர் வேலைனு இஸ்கூல்ல எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கு."

வெட்கமாக இருந்தது. இரண்டு விரலால் பதினேழு போர்களையும் ஆழம் குறையாமல் காப்பாற்றிய ஒரே ஆளை நான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். "அந்த விதியை எழுதினவள் நான்தான். தப்பு என்மேல்தான். நாளைக்கு வேலைக்கு வாருங்கள்," என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பீலியில் முகம் கழுவினார்.

திரும்புகிற பஸ்ஸில், இந்தத் தடவை சரியான பஸ்ஸில், புது விதியை எழுதினேன். ஆளுக்கு முந்நூறு கிடையாது. பன்னிரண்டு பேரையும் இரண்டு அணியாகப் பிரிப்பது. ஓர் அணி முதல் பக்கம் அடிக்கும், மற்றது மறுபக்கம். கணக்கு அணிக்குத்தான். ஓர் அணிக்குள் யார் யார் கூடையில் வேண்டுமானாலும் கை அள்ளிப் போடலாம், எதிரணிக் கூடையில் மட்டும் போடக் கூடாது. புஷ்பராணி படித்துப் பார்த்துவிட்டு, "மேமலை, கீழ்மலைன்னு பேரு வச்சுக்கலாம் மிஸ்," என்றாள். துரைசாமி போனில் முதலில் பல்லைக் கடித்தார். யோசித்துவிட்டு, "திங்கக்கெழமை கணக்கு சரியா வரட்டும். அப்பறம் ஒத்துக்கறனுங்க. வரலீன்னா வேற ஊருதான்," என்றார்.

நிரோஷா இரண்டு பக்கமும் அடித்த அட்டைகள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. ஒரு பக்கத்தை வேறு கைகள் புதிதாக அடிக்க வேண்டும். நிரோஷா தொடக் கூடாது. ஆகவே மற்ற பதினொரு பேர், பன்னிரண்டாவதாக நான், அன்றைக்கு எல்லாரும் ஒரே அணி. ஞாயிற்றுக்கிழமை, ஆளுக்கு நூற்றறுபது. ஹாஜியார் விடுமுறை நாளிலும் கடையைத் திறந்துவிட்டார். நிரோஷாவின் வேலை தேநீர் போடுவது. விரல்கள் சும்மா இருக்க முடியாமல் அவள் சாப்பாட்டுத் தட்டின் மேல் தாளம் போட்டுக்கொண்டே இருந்தாள்.

நான் ஒரு காலத்தில் நல்ல வேகம். அது ஒரு காலம். இப்போது கண்ணாடியைக் கழற்றி மாட்டவே பாதி நேரம் போகிறது. ஒரு மணிக்கு என் கணக்கு நூற்றுப் பதினெட்டில் நின்றது. அப்போது பார்த்து ஹாஜியார் வீட்டிலிருந்து சாப்பாட்டுக்கு அழைப்பு. மறுத்தால் வருத்தப்படுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், படி வரைக்கும் புரியாணி வாசம் வந்துவிட்டது. அவர் மனைவி பரிமாறப் பரிமாறச் சாப்பிட்டு, நாலு தலைமுறைக் கதை கேட்டுவிட்டு எழுந்தபோது மூன்று மணி. இன்னும் நாற்பத்திரண்டு அட்டை பாக்கி என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. இந்த ஊரில் பன்னிரண்டு பேரின் பிழைப்பை என் புரியாணி கெடுத்துவிட்டது என்று பழி வந்தால்?

மூச்சு வாங்க மேலே ஏறி நாற்காலியில் விழுந்தேன். திரையில் என் பெயருக்கு நேராக நூற்றறுபது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் நூற்றறுபதுதான். என் கடவுச்சொல்லைப் போட்ட கணினியை அப்படியே திறந்துவைத்துவிட்டுப் போயிருக்கிறேன். அப்படி யாரும் போகக் கூடாது என்பது என் விதிகளில் முதலாவது.

"நிரோஷா!" என்று கத்தினேன்.

"அய்யோ, என் கை படவே இல்ல மிஸ்! சத்தியமா!" என்று தேநீர்த் தட்டோடு ஓடி வந்தாள்.

அடித்த நேரங்களைத் திறந்து பார்த்தேன். ஒவ்வோர் அட்டைக்கும் இரண்டரை நிமிடத்துக்குமேல். நாற்பத்திரண்டும் தவழ்ந்து தவழ்ந்து போயிருந்தன. திரும்பி ஓரத்து மேசையைப் பார்த்தேன். யோகேஸ்வரியின் சொந்தக் கணக்கு எழுபத்தொன்பதில் நின்றது. என்னுடையதை முடித்துவிட்டு அப்போதுதான் தன் அட்டைக்குத் திரும்பியிருந்தார்.

"ஏன் இப்படிச் செய்தீர்கள்? உங்களுடையதே பாதி கிடக்கிறதே?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏதோ ஓர் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நாமெல்லாம் ஒரே மலைதானே மிஸ். எனக்கு இவங்க போடுவாங்க. நீங்க ஊருக்குப் போறவங்க, ஒங்களுக்கு யாரு போடுவா?"

அவருடைய பாக்கி எண்பத்தொன்றையும் அவரைத் தொடவிடாமல் ஆளுக்கொரு கை அள்ளிப் போட்டார்கள். நானும் ஒன்பது போட்டேன். ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்து, கணினி இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, காணாமல் போன பூஜ்யங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தது. நிரோஷா தன் தப்புகளைத் தானே எண்ணி, ஒவ்வொன்றுக்கும் தலையில் குட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம், ரயிலடியில் வாத்துப் போர்வையும் ஒரு பொட்டலம் தேயிலையும் மடியில் இருக்க, துரைசாமியின் அழைப்பு வந்தது. கணக்கு சுத்தமாக இருப்பதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். "அதுசரி, அந்த மெதுவா அடிக்கற அம்மா இருந்தாங்களே, அவுங்க எத்தன அடிச்சாங்க?" என்று கேட்டார்.

"நூத்தி இருவத்தொண்ணுங்க," என்றேன். "அதுல நாப்பத்திரெண்டு என்னோடது."